சராசரி மனிதனும் சென்னை உடலும்: உடல் நிறைக் குறியீட்டெண்ணின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் உடல் நிறைக் குறியீட்டெண் எனப்படும். பி.எம்.ஐ. என்று பேச்சுவழக்கில் அறியப்படும் இவ்வெண், இன்று தனிமனிதரின் உடலை ‘ஒல்லி’, ‘சரியான எடை’, ‘மிகை எடை’, ‘உடற்பருமன்’ என வகைப்படுத்தும் முதன்மைக் கருவியாக விளங்குகின்றது. மக்கள்தொகையை விவரிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு கணக்கு, தனியுடலைத் தீர்ப்பிடும் அளவுகோலாக எவ்வாறு மாறியது என்பதையும், அவ்வளவுகோல் தமிழகத்து உடல்களைச் சந்தித்தபோது நேர்ந்த திருத்தங்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: உடல் நிறைக் குறியீட்டெண், சராசரி மனிதன், உடற்பருமன், ஆசிய வரம்பு, உடல் குறித்த மதிப்பீடு, சென்னை

முன்னுரை

150 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உடைய ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவரது உடல் நிறைக் குறியீட்டெண் 24. தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கில் அவர் சரியான எடையுடையவர். ஏனெனில் அவ்வாய்வு 25ஐ மிகை எடையின் தொடக்கமாகக் கொள்கின்றது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வெளியிட்ட ஒருமித்த வரையறையின்படியோ அவர் மிகை எடையுடையவர். அங்கு வரம்பு 23. அவருடைய பாட்டி அவரைக் கண்டால், ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்று மகிழ்ந்திருக்கவும் கூடும்.

ஓர் உடலுக்கு மூன்று தீர்ப்புகள் கிடைக்கின்றன. இவற்றுள் எது சரி என்பது மருத்துவத்தின் வினா. இத்தீர்ப்புகள் எங்கிருந்து வந்தன, யாருடைய உடலை அளந்து பெறப்பட்டன என்பவை வரலாற்றின் வினாக்கள். இக்கட்டுரை பின்னவற்றை எடுத்துக்கொள்கின்றது.

வானியலாளரின் கணக்கு

இக்குறியீட்டெண்ணின் மூலவர் ஒரு மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1796இல் பிறந்த அடோல்ஃப் கெட்லே கணிதவியலாளர். பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை நிறுவி நடத்தியவர். ஒரே விண்மீனைப் பலமுறை அளக்கும்போது வெவ்வேறு விடைகள் கிடைக்கும். அவற்றின் சராசரியே உண்மைக்கு மிக அருகில் இருப்பது, ஏனையவை பிழைகள் என்பது வானியலாளர் கைக்கொண்ட நெறி. கெட்லே இந்நெறியை மனிதர்மேல் பொருத்திப் பார்த்தார். 5,738 ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவு குறித்த பதிவுகளை ஆராய்ந்த அவர், அவை ஒரு நடுவளவைச் சுற்றி ஒழுங்காகப் பரவியிருப்பதைக் காட்டினார்.

1835இல் வெளியான தமது பெருநூலில் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை அவர் விரித்துரைத்தார். வளர்ச்சி முற்றிய மனிதர்களிடையே எடையானது ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறுகின்றது என்ற கண்டறிதலும் அதில் இடம்பெற்றது. ஒரு பெட்டியை எல்லாப் பக்கங்களிலும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் அதன் எடை நீளத்தின் கனத்திற்கு ஏற்ப, அதாவது மும்மடிப் பெருக்கமாக உயரும். மனிதர் அவ்வாறு வளர்வதில்லை. உயரமானவர் குட்டையானவரின் பெரிதாக்கிய வடிவம் அல்லர். அவரது அகலம் உயரத்தின் அளவுக்குக் கூடுவதில்லை. அதனால்தான் கனத்தைவிட வர்க்கம் நன்கு பொருந்தியது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கெட்லேயின் நோக்கம் மனிதக்கூட்டத்தின் வளர்ச்சி விதியைக் காண்பதே. கொழுப்பையோ நோயையோ அளப்பதன்று. இரண்டாவது, அவருடைய சிந்தனையில் சராசரி என்பது வெறும் நடுவெண்ணாக நிற்கவில்லை. மனித இனத்தின் செவ்விய வடிவமாகவும் உயர்த்தப்பட்டது. சராசரியிலிருந்து விலகுதல் வானியலில் அளப்பவரின் பிழை. மனிதர்மேல் பொருத்தியபோது அது அளக்கப்பட்டவரின் பிழையாகத் தோற்றம் கொண்டது. பிற்காலத்தில் உடல் குறித்து எழுந்த பல தீர்ப்புகளின் வித்து இந்த இடமாற்றத்தில் உள்ளது எனலாம்.

காப்பீட்டு அட்டவணைகள்

எடையைத் தனிமனிதரின் ஆயுளோடு இணைத்தவை அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள். எவர் விரைவில் இறப்பார் என்பது அந்நிறுவனங்களுக்கு வணிக வினா. மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளின் தலைமையில் 1942இல் பெண்களுக்கும் 1943இல் ஆண்களுக்கும் உகந்த எடை அட்டவணைகள் வெளியிடப்பட்டன. 25 வயதில் இருக்கும் எடையே வாழ்நாள் முழுவதும் தொடரத்தக்கது என்ற கருத்து அவற்றின் அடிப்படையாக அமைந்தது. உடற்சட்டகம் சிறியது, நடுத்தரமானது, பெரியது என மூன்றாகப் பகுக்கப்பட்டது. ஆயினும் ஒருவரின் சட்டகம் எவ்வகையது என அளந்தறியும் முறை தரப்படவில்லை. 1959இல் இவ்வட்டவணைகள் ‘விரும்பத்தக்க எடை’ என்ற பெயரில் திருத்தி வெளியிடப்பட்டன.

ஆயுள் காப்பீடு பெறும் வசதி படைத்தவர்களின் பதிவுகளே இவற்றுக்கு ஆதாரம். அவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர். அப்பதிவுகளிலிருந்து பிறந்த எண்கள் மருத்துவர்களின் சுவர்களிலும் இதழ்களின் பக்கங்களிலும் இடம்பிடித்தபோது, ஒரு வகுப்பாரின் உடல் எல்லாருக்கும் உரிய இலக்காயிற்று.

ஆன்சல் கீஸின் பெயரிடல்

காப்பீட்டு அட்டவணைகளைக் கடுமையாக விமர்சித்தவர்களுள் ஒருவர் மின்னசோட்டாப் பல்கலைக்கழக உடலியங்கியல் அறிஞர் ஆன்சல் கீஸ். இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில் 36 தன்னார்வலர்களைக் கொண்டு பட்டினியின் விளைவுகளை ஆராய்ந்தவர் இவர். 1972இல் கீஸும் அவருடைய கூட்டாய்வாளர்களும் அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். எடையையும் உயரத்தையும் இணைக்கும் பல வாய்பாடுகளுள், தோல்மடிப்புத் தடிமன் முதலியவற்றால் அறியப்படும் கொழுப்பளவுடன் எது நன்கு ஒத்துச்செல்கின்றது என்பதே அவர்களது வினா. கெட்லேயின் பழைய விகிதம் ஏனையவற்றுக்குக் குறைந்ததன்று என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அதற்கு ‘உடல் நிறைக் குறியீட்டெண்’ என்ற பெயரையும் அவர்களே வழங்கினர்.

அந்த ஆய்வில் பெண்கள் இல்லை, இந்தியர் இல்லை. இருந்த வாய்பாடுகளுள் எளிமையானதும் ஏற்கத்தக்கதும் இது என்பதே அதன் வாதம். தனியொருவரின் உடல்நலத்தை இவ்வெண்ணால் அறுதியிடலாம் என்பது அவ்வாய்வின் முடிவன்று. எனினும் எடைபார்க்கும் கருவியும் ஓர் அளவுகோலும் போதும் என்ற எளிமை, மக்கள் ஆய்வுகளிலிருந்து மருத்துவமனை மேசைக்கு இவ்வெண்ணை விரைவாகக் கொண்டுசேர்த்தது.

வரம்புகள் நகர்ந்த கதை

எண் ஒன்று கிடைத்தபின் எல்லைக்கோடு எங்கே என்ற வினா எழுந்தது. 1985இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என வரம்பு வகுத்தது. உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு 1995இல் 25, 30 ஆகிய முழு எண்களை முன்வைத்தது. 1998 சூன் மாதத்தில் அமெரிக்கா தனது வரம்பை 25ஆகத் தாழ்த்தியபோது, உடலில் ஒரு கிராமும் கூடாமலேயே இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மிகை எடையினர் பட்டியலில் சேர்ந்தனர்.

வரம்பு நகர்ந்தது தன்னிச்சையானது என்று இதனால் கூறிவிட முடியாது. எடை கூடக்கூட நோயிடர் படிப்படியாக உயர்கின்றது. அந்த ஏற்றத்தில் எந்தப் படியிலும் இயற்கை ஒரு கோடு வரையவில்லை. கோடு மனிதர் வரைவது. அதனை வரைந்தவர்கள் கையில் கொண்டிருந்த சான்றுகளோ பெரிதும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களுடையவை.

தமிழகத்தில் உடலும் மதிப்பும்

இந்த வரம்புகள் வந்தடைந்த தமிழ்ச் சமூகம் உடலை வேறு அளவைகளால் மதித்து வந்தது. ‘நோஞ்சான்’, ‘வற்றல்’, ‘எலும்பும் தோலும்’ ஆகியவை குறையைச் சுட்டும் வழக்குகள். ‘உடம்பு தேறிவிட்டது’ என்பது நலம் திரும்பியதன் அறிவிப்பு. ‘வாட்டசாட்டம்’ ஆணுக்கும் ‘பூசினாற்போல்’ என்பது பெண்ணுக்கும் உரிய பாராட்டு. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலை வலியுறுத்துகின்றது. சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்பவற்றின் சமநிலையை நோக்குகின்றது. இவ்விரண்டிலும் நலத்தின் அளவை செரிமானமும் சமநிலையுமே; எடை அன்று.

சதைப்பிடிப்பைச் செழிப்பின் அடையாளமாகக் கண்ட மனநிலைக்குப் பின்னே பசியின் நினைவும் உண்டு. 1876–78 பஞ்சத்தின்போது, 1877 சனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணி செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது ஏறத்தாழ 450 கிராமும், ஓரணாவும் போதும் என வகுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், அவ்வளவு உணவில் உழைக்கும் உடல் நலிந்தழியும் என வாதிட்டு எதிர்த்தார். பின்னர் அவ்வாண்டிலேயே அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. தமிழகத்து உடலைப் பற்றிய எண் ஒன்று உயிரையே தீர்மானித்த முற்காலச் சான்று இது. அன்று உடலுக்குக் குறைந்த அளவு எது என்பது வினா. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் மிகுந்த அளவு எது என்பது வினாவாயிற்று.

மெலிந்த உடலில் மறைந்த கொழுப்பு

மிகுந்த அளவு பற்றிய வினாவை எழுப்பியது நீரிழிவு. 25க்குக் கீழே, ஐரோப்பிய அளவையில் சரியான எடையுடன் இருந்த இந்தியர் பலருக்கு அந்நோய் காணப்பட்டது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்கள் சி. சினேகலதா, விஜய் விஸ்வநாதன், ஏ. இராமச்சந்திரன் ஆகியோர் இந்திய நகரங்களைச் சேர்ந்த 10,025 பேரின் அளவுகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் முக்கியமானது. இந்தியருக்கு நலமான குறியீட்டெண் 23க்குக் கீழே இருத்தல் வேண்டும் என்றும், இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 85 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்றும் அவர்கள் கண்டனர்.

இதன் காரணத்தை விளக்க 2004இல் வெளிவந்த ஒரு சிறுகுறிப்பு பெரிதும் துணைபுரிந்தது. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யூட்கினும் தம் இருவர் உடல்களையே சான்றாக முன்வைத்தனர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. எண் ஒன்றே, உடல் வேறு. தசை குறைந்து, வயிற்றுறுப்புகளைச் சூழ்ந்து கொழுப்பு படியும்போது இன்சுலினின் செயல் தடைபடுகின்றது. எடைக்கருவியும் கண்ணாடியும் இதனைக் காட்டுவதில்லை.

2002இல் சிங்கப்பூரில் கூடி 2004இல் முடிவுகளை வெளியிட்ட உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு, நோயிடர் தோன்றும் எண் ஆசிய மக்களிடையே 22 முதல் 25 வரை வேறுபடுவதைக் கண்டது. ஆகவே ஆசியருக்கெனத் தனி வரையறை வகுக்காமல், பழைய எல்லைகளை வைத்துக்கொண்டே 23, 27.5 ஆகியவற்றைச் செயற்புள்ளிகளாகச் சேர்த்தது. இத்தயக்கம் பொருளுடையது. ‘ஆசியர்’ என்பதும் ஒரு சராசரியே. காசிமேட்டில் வலையிழுக்கும் மீனவரும், காஞ்சிபுரத்தில் தறிமுன் அமரும் நெசவாளரும், பழைய மாமல்லபுரம் சாலையில் கணினிமுன் அமரும் ஊழியரும் ஒரே எண்ணைப் பெறலாம். ஒரே உடலைப் பெற்றிருக்கமாட்டார்கள்.

முடிவுரை

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களுள் குறியீட்டெண் 25ஐ எட்டியோர் அல்லது கடந்தோர் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4 விழுக்காடு. ஒரு மாநிலத்தின் உணவும் உழைப்பும் நான்கைந்து ஆண்டுகளில் எத்திசையில் செல்கின்றன என்பதை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. கெட்லேயின் கணக்கு எதற்காகத் தோன்றியதோ அப்பணியை அது இன்றும் செவ்வனே செய்கின்றது.

தனியுடலின்முன் அதன் ஆற்றல் குறைகின்றது. அக்குறைவை மறப்பதால் இரு தீங்குகள் நேர்கின்றன. மெலிந்த தோற்றமுடையவர் தம்மை நலமுடையவர் எனக் கருதி இரத்தச் சர்க்கரையைச் சோதிக்காமலே விடுகின்றார். சதைப்பிடிப்புடையவர், நோய் ஏதும் இல்லாதபோதும், ஓர் எண்ணின் பெயரால் கேலிக்கும் குற்றவுணர்வுக்கும் ஆளாகின்றார். முன்னவருக்கு எண் பொய்யான ஆறுதலைத் தருகின்றது. பின்னவருக்கு அளவிற்கு மீறிய அச்சத்தைத் தருகின்றது.

உடற்பருமனின் வரையறை குறித்து 2025 சனவரியில் வெளியான பன்னாட்டு வல்லுநர் குழு அறிக்கை, தனிமனிதர்பால் இக்குறியீட்டெண்ணை மட்டும் நம்பலாகாது எனவும், இடுப்பளவு முதலியவற்றால் உறுதிசெய்து, உறுப்புகளின் செயல்பாட்டையும் நோக்குதல் வேண்டும் எனவும் பரிந்துரைத்துள்ளது. ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்குப் பின் அவ்வெண் தன் பிறப்பிடமாகிய மக்கள்தொகைக் கணக்கிற்குத் திரும்பத் தொடங்கியுள்ளது என இதனைக் கொள்ளலாம்.

தமிழ்ச் சூழலில் இத்திருப்பம் நடைமுறைப் பொருளுடையது. ஒரு தையல் நாடாவால் இடுப்பை அளப்பதும், குருதியில் சர்க்கரையைச் சோதிப்பதும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே செய்யத்தக்கவை. முன்னுரையில் கண்ட 54 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வேண்டுவதும் இவையே. 24 என்ற எண் அவரிடம் கேட்கத்தக்க முதல் வினாவாகலாம். அவரைப் பற்றிய விடையாகாது.