தூலாப் முதல் இன்சுலின் வரை: அளத்தலும் காத்தலும்

நீரிழிவு நோய்க்கு அரபு மருத்துவ நூல்கள் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'தூலாப்'. நீரிறைக்கும் சக்கரம் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனா, தமது 'அல்கானூன் ஃபித் திப்' நூலில், குடித்த நீர் உடலில் தங்காது சிறிது நேரத்திலேயே வெளியேறிவிடும் நிலையென்று இந்நோயை விளக்கி, இப்பெயரையும் எடுத்துரைக்கிறார். கவலை பூட்டி நீரிறைத்த கொங்கு நாட்டு மக்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். சாலில் ஏறிய நீர் வாய்க்காலில் கொட்டிவிட, வெறுஞ்சால் மீண்டும் கிணற்றில் இறங்கும். கி.பி. 1231இல் மறைந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ இந்நோய் பற்றியே தனியொரு நூல் இயற்றினார். நோயை இத்துணை நுட்பமாக அறிந்திருந்த அம்மேதைகளின் கைக்கு அச்சக்கரத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து எட்டவில்லை.

கணையத்தை அகற்றினால் நீரிழிவு தோன்றும் என்பதை 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கண்டறிந்தனர். 1921இல் டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11 அன்று லியனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அச்சாறு போதிய அளவு தூய்மையாக இல்லாமையால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. காலிப் என்பவர் தூய்மைப்படுத்திய சாறு ஜனவரி 23 அன்று செலுத்தப்பட்டபோது சர்க்கரை இறங்கியது. மரணத்தின் வாயிலில் நின்ற அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்து ஒன்றேயாயினும், அதன் தூய்மையே பலனைத் தீர்மானித்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

இன்சுலின் நோயை வேரறுக்கும் மருந்தன்று. உடல் சுரக்கத் தவறியதை அன்றாடம் ஈடுசெய்வது அது. எனவே அது மருந்துக் கடையிலிருந்து வீடு வந்து சேர்ந்த பின்னர், அதன் பயன் இரண்டு செயல்களைச் சார்ந்திருக்கிறது. சரியாக அளத்தல் ஒன்று; கெடாமல் காத்தல் மற்றொன்று.

முதலில் அளத்தலைக் காண்போம். தொடக்க ஆண்டுகளில் ஒரு மில்லிலிட்டரில் 10, 20 யூனிட் கொண்ட இன்சுலின் விற்கப்பட்டது. பின்னர் 40, 80 யூனிட் வகைகள் வந்தன. இக்குழப்பத்தை நீக்கவே 1970களில் அமெரிக்கா 100 யூனிட் என்னும் ஒரே அளவுக்கு மாறத் தொடங்கியது. நம் நாட்டில் குப்பிகளில் 40 யூனிட் பரவலாக நீடித்தது. பேனாவில் பொருத்தும் குழல்களோ 100 யூனிட். ஆகவே இரண்டு அளவுகளும் நம் கடைகளில் அருகருகே உள்ளன. 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும், 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடியும் வழக்கம்.

100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் '20' என்னும் கோடுவரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 20 அன்று, 50 யூனிட். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம் என அது உயிருக்கே உலை வைக்கும். மாறாக, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் அதே கோடுவரை எடுத்தால் 8 யூனிட் மட்டுமே செல்லும், சர்க்கரை இறங்காது. எனவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். கலங்கலான வகையை உள்ளங்கைகளுக்கிடையே மென்மையாக உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கலாகாது. ஊசியிடும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரே இடத்தில் இட்டால் தோலடியில் கட்டி தோன்றி, மருந்து சீராக இரத்தத்தில் சேராது.

அடுத்தது காத்தல். இன்சுலின் ஒரு புரதம். மிகு வெப்பம், உறைதல் இரண்டுமே அதைச் சிதைக்கும். திறக்காத குப்பி குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருத்தல் வேண்டும். ஃப்ரீசரில் வைக்கலாகாது, ஒருமுறை உறைந்ததை எறிந்துவிட வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியை, வெயில் படாத இடத்தில் 30 டிகிரிக்கு மிகாத சூழலில், பெரும்பாலும் நான்கு வாரம்வரை வைத்திருக்கலாம். வகைக்கேற்ப இது வேறுபடுமாதலால் உறையிலுள்ள குறிப்பே முடிவானது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்கு ஓரளவு குளுமை தருகிறது. ஈரோடும் கரூரும் அவ்வாறல்ல. கோடையில் 40 டிகிரியைத் தொடுவன. திருப்பூரில் தகரக் கூரையின்கீழ் வாழும் தொழிலாளிக்குக் குளிர்பதனப் பெட்டி ஏது? கோவையின் 'இதயங்கள்' அறக்கட்டளை போன்றவை முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்கு இன்சுலினை இலவசமாக வழங்கினாலும், அதைக் காக்கும் பொறுப்பு அந்த வீட்டுக்கே உரியது.

புதுவை ஜிப்மர் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32, 37 டிகிரி வெப்பத்தில் வைத்த இன்சுலின் 14 முதல் 18 விழுக்காடு வீரியம் இழந்தது. திறக்காத மனித இன்சுலின் 37 டிகிரியில்கூட இரண்டு மாதம் தாங்கும் என்று 2023இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது. கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் பேணுதலே நமக்கு உகந்தது. அதற்கு வழியும் நம் வீட்டிலேயே உண்டு. இரண்டு மண்பானைகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, நீர் படாதவாறு மருந்தை உள்ளே வைத்தால் வெப்பம் கணிசமாகத் தணியும். பல நாட்டுப் பானைகளைச் சோதித்த 2016ஆம் ஆண்டு ஆய்வு இதை உறுதிசெய்தது. காற்றில் ஈரம் குறைந்த கொங்குக் கோடைக்கு இம்முறை மிகவும் பொருந்தும்.

ரமளானில் ஊசி நோன்பை முறிக்குமோ என்றஞ்சி இன்சுலினை நிறுத்துவோர் உளர். ஊட்டச்சத்து ஏற்றும் ஊசிகள் நீங்கலாக, தோலிலோ தசையிலோ இடும் மருந்தூசிகள் நோன்பை முறிக்கா என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது. ஆயினும் நோன்பு வைக்கலாமா, எந்த வேளைக்கு எத்தனை யூனிட் என்பவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் அவசியம். சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் நோன்பை விட்டுவிட்டு உடனே இனிப்பு உண்ண வேண்டும். இந்நிலையில் மார்க்கம் தந்த சலுகையை ஏற்பது குறையாகாது.

அளவையில் குறைவு செய்யாதீர் என்னும் திருமறைக் கட்டளையைக் கடைவீதித் தராசோடு நாம் நிறுத்திவிடுகிறோம். முதிய தாய்க்கு ஊசியிடும் மகனின் கையிலுள்ள சிரிஞ்சும் ஓர் அளவைதான்.