படைக்கலச் சட்டமும் நம் மக்களும்

சில ஆண்டுகளுக்கு முன், காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர்ச் சபையைச் சேர்ந்த நிலக்கிழார் ஒருவர் நம்மிடம் வந்தார். துப்பாக்கி உரிமத்திற்கு விண்ணப்பிக்க இருப்பதாகவும், போதகரின் நன்னடத்தைச் சான்று அதற்கு உதவுமென்றும் கூறினார். காட்டுப்பன்றிகள் வேர்க்கடலைப் பயிரை அழிக்கின்றன என்பதே அவர் கூறிய காரணம். நல்ல மனிதர், சான்று எழுதிக் கொடுத்தோம். அவர் சென்ற பின்னரே, துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமையா, அன்றி அரசு அளிக்கும் சலுகையா என்ற வினா நம் உள்ளத்தில் எழுந்தது. அமெரிக்க நாட்டில் 1791-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் அது உரிமையாயிற்று. நம் நாட்டிலோ இவ்வினாவின் வரலாறே வேறு.

அவ்வரலாற்றைக் காஞ்சியிலிருந்தே தொடங்கலாம். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், இந்நகருக்குச் சில மைல் தொலைவிலுள்ள பொள்ளிலூரில் ஐதர் அலி, திப்பு ஆகியோரின் படை, கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த கம்பெனிப் படையை அழித்தது. காஞ்சியில் பாசறை அமைத்திருந்த சர் ஹெக்டர் மன்றோ உரிய காலத்தில் உதவிக்குச் செல்லவில்லை. பின்னர்த் தம்மிடமிருந்த பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். இரு படைகளும் போன பின் எஞ்சியவர்கள் தறியோரும் உழவோருமே. அவர்களைக் காக்கும் பொறுப்பு அந்நாளில் பேரரசுகளிடம் இருந்ததைக் காட்டிலும், ஈட்டியும் துப்பாக்கியும் தாங்கிய பாளையக்காரரிடமும் காவல்காரரிடமுமே இருந்தது. காவல் வரி வாங்கியவர்களே கொள்ளையும் அடித்தார்கள் என்ற முறையீடும் உண்டு. ஆயுதம் ஏந்திய கிராமத்தைப் பொற்காலமாக எண்ணுதல் தகாது.

இந்நிலை 1801-இல் முடிவுற்றது. அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஐந்து வாரங்கள் கழித்து, டிசம்பர் 1-ஆம் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிரபு ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்சீமையில் கம்பெனியின் அனுமதியின்றி எவரும் படைக்கலம் வைத்திருத்தல் ஆகாதென்றும், மீறுவோர் கடுந்தண்டனைக்கு உள்ளாவரென்றும் அதில் கூறப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாயிற்று. இந்தியா முழுவதற்குமான ஆயுதச் சட்டம் வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே, தமிழகத்தின் தென்பகுதி இவ்வாறு ஆயுதம் களையப்பட்டது.

அந்தச் சட்டம் 1878-இல் லிட்டன் பிரபுவின் காலத்தில் வந்தது. இந்திய மொழிகளில் வெளிவந்த பத்திரிகைகளை அடக்கும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு 1882-இல் நீக்கினார். ஆயுதச் சட்டம் நிலைத்தது. இந்தியன் உரிமம் பெறவேண்டும். ஐரோப்பியனுக்கு அது வேண்டியதில்லை. சாமுவேலின் முதலாம் புத்தகம் 13-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேல் தேசத்தில் கொல்லன் இராதபடி பெலிஸ்தர் செய்ததையும், கலப்பையின் கொழுவைத் தீட்டுவதற்கும் மக்கள் அவர்களிடமே போகவேண்டியிருந்ததையும் வாசிக்கிறோம். அப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது நம்முடைய 1878-ஐ எடுத்துக்காட்டிய போதகர் எவரையும் நாம் கேட்டதில்லை. காரணம் ஒருவேளை இதுவாக இருக்கலாம்: ஐரோப்பியர் என்ற முறையில் மிஷனெரிமாரும் அவ்விலக்கினுள் அடங்கினர். மிஷன் பங்களாவில் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியிருக்கவில்லை. அதே வளாகத்தில் வாழ்ந்த உபதேசியார்க்கு வேண்டியிருந்தது. நம் சபைச் சரித்திரங்கள் இவ்வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. முதல் உலகப் போருக்குப் பின்னரே இன வேறுபாடு விதிகளிலிருந்து நீங்கியது; அதன் பின்னும் பட்டம் பெற்றோர்க்கும் பெருநிலக்கிழார்க்கும் விலக்குகள் இருந்தன.

இந்த இழிவை எதிர்த்துக் காங்கிரஸ் மகாசபை 1887-இல் சென்னையில் கூடியபோதே தீர்மானம் இயற்றிற்று. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளும், 1918-இல் படைக்கு ஆள் சேர்த்த காலத்தில், ஒரு நாட்டையே ஆயுதமற்றதாக்கிய இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கொடிய தீமைகளுள் ஒன்றாகக் கண்டித்தார். 1931-இல் வல்லபாய் பட்டேல் தலைமையில் கூடிய கராச்சி மாநாடு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஆனால் 1948 டிசம்பரில், எச். வி. காமத் அவ்வுரிமையை அரசியலமைப்பில் எழுதவேண்டுமெனக் கேட்டபோது, அம்பேத்கர் மறுத்துவிட்டார். குற்றத்தையே வழக்கமாகக் கொண்டோரும் அவ்வுரிமையைக் கோரலாமே என்பது அவர் எழுப்பிய தடை. நாட்டுக்கு இடர் நேரும்போது படைக்கலம் தாங்கவேண்டிய கடமையே முதன்மையானது என்றும் அவர் வாதிட்டார். ஆகவே நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, படைக்கலமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை மட்டுமே அளிக்கிறது. அம்பேத்கரின் முடிவு சரியென்றே நாம் கருதுகிறோம். ஊரின் நிலமும் கிணறும் எவர் கையில் இருந்தனவோ, அவர் கைக்கே துப்பாக்கியும் முதலில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இவ்வாறு உரிமை மறுக்கப்பட்டு உரிமம் நின்றது. அதிலும் ஏழைக்கு இடமில்லாமற் போகலாம் என்பதைச் சட்டமியற்றியோர் உணர்ந்திருந்தனர். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் உரிமம் மறுக்கலாகாது என்று 14-ஆம் பிரிவில் எழுதி வைத்தனர். நல்ல வரி அது. ஆயினும் துப்பாக்கியின் விலை, அலுவலகத்துக்கு நடக்கும் நடை, சான்று அளிக்கத் தக்க பெரியவரின் அறிமுகம் ஆகிய இவற்றைக் கூலிக்காரன் எங்ஙனம் பெறுவான்?

1968 டிசம்பர் 25-ஆம் நாள், நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை முடிந்த அன்றிரவு, தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளரின் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டனர். இறந்தோரில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளுமே. தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. 1973-இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இலும், அதன் விதிகள் 1995-இலும் வந்தன. அவ்விதிகளுள் 3-ஆவது, நம் ஊழியர் பலரும் அறியாதது. வன்கொடுமை நேரக்கூடுமென அடையாளம் காணப்பட்ட பகுதியில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை அரசு நீக்கலாம். சட்டத்திற்குப் புறம்பான ஆயுதங்களைப் பறிமுதல் செய்யலாம். தேவையெனக் கருதினால் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிமம் வழங்கலாம். அவ்விதியின்கீழ் உரிமம் வேண்டிச் சான்று கேட்டு நம் வாசலுக்கு இதுவரை எவரும் வந்ததில்லை.