குதிரைக் கவசமும் டயமண்டும்



"காசு கொடுத்து கேமுக்குள்ள சாமான் வாங்குறாங்களே, அது பெறுமதிதானா?" என்று பெற்றோர் பலர் கேட்பதால் இதை எழுதுகிறோம். ஒரு சொல்லில் பதில் சொல்ல ஏலாது. கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

முன்பு கேமுக்கு மேலதிகப் பாகம் என்றால் தனி சீடி. 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' கேமுக்கு 1998 இல் 'ரைஸ் ஒஃப் ரோம்' வந்தது. ரோமர் உட்பட 4 புதிய நாகரிகங்கள். எமது பக்கம் இவை பிரதி சீடியாகவே வந்ததால் விலைப் பேச்சே எழவில்லை. அது வேறு கதை.

2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் 'ஒப்லிவியன்' கேமில் குதிரைக்கு ஒரு கவசம் விற்றது. விலை இரண்டரை டொலர், அன்று சுமார் 250 ரூபா. அழகுக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. உலகமே சிரித்தது, ஆனாலும் வாங்கினார்கள். மறு வருடம் அதே கேமுக்கு 30 டொலரில் 'ஷிவரிங் ஐல்ஸ்' வந்தது. பன்னிரண்டு மடங்கு விலை. ஆனால் சுற்றித் திரிய ஒரு புது நிலமும் பல மணிநேரக் கதையும் இருந்தன. கொடுத்த காசுக்கு அதுதான் பெறுமதி என்போம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எக்ஸ்பொக்ஸில் அந்தக் கவசத்தின் விலை டொலரில் இருக்கவில்லை, 200 பொயின்ட் என்றே இருந்தது. 80 பொயின்ட் ஒரு டொலர். மைக்ரோசொஃப்ட் 2013 இல் இம்முறையைக் கைவிட்டது. ஃபோன் கேம்களோ இதே வழியில்தான் இன்றும் விற்கின்றன.

இது புதிய தந்திரமல்ல. தங்கள் கடையில் மட்டும் செல்லும் டோக்கனைக் கூலியாகக் கொடுத்த முதலாளிமாரை இங்கிலாந்து 1831 இல் சட்டம் போட்டுத் தடுத்தது. தோட்டத்தில் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலத்தை எமது பெரியவர்களும் சொல்வார்கள். காசு கையில் படாவிட்டால் கணக்குப் பிடிபடாது.

'ஃப்ரீ ஃபயர்' வந்தது 2017 இல். 2020 இல் கொவிட்டால் பாடசாலைகள் மூடப்பட, ஒன்லைன் வகுப்புக்கென்று லயத்துக்குள்ளும் ஸ்மார்ட் ஃபோன் வந்தது. கூடவே கேமும் வந்தது. 100 டயமண்ட் ஏறக்குறைய ஒரு டொலர், அதாவது 300 ரூபா அளவில். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கில் 450 டயமண்ட் என்றால் ஒரு முழுப் பேர். மலையேறிக் கொழுந்து பறித்த ஒரு நாள்.

அதிலும் டயமண்டைப் போட்டுச் சக்கரம் சுற்றுவது இன்னும் மோசம். என்ன கிடைக்கும் என்றே தெரியாது. காசுக்கு விற்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018 இல் முடிவு செய்தது. இன்னதென்று தெரியாத பொருளை விற்பதை எமது மார்க்கமும் தடுத்திருக்கிறது.

ரீலோட் கேட்கும் பிள்ளையை ஏசி அனுப்ப வேண்டாம். வாங்கப்போவது என்ன, அது எத்தனை ரூபா, உம்மா வாப்பாவின் எத்தனை மணிநேர வேலை என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தரம் 8 பிள்ளைக்கு இந்த வகுத்தல் ஒரு நிமிட வேலை.