சுவரில் ஏறிய கதை

1930களின் தொடக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த டிஸ்னி ஸ்டூடியோவின் கதைப் பிரிவில் வெப் ஸ்மித் என்பவர் வேலை பார்த்தார். அதற்கு முன்பே கார்ட்டூன்காரர்கள் கதையைப் படமாக வரைந்து பார்த்தவர்கள்தான். ஆனால் ஒரே தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். நடுவில் ஒரு கட்டம் சரியில்லை என்றால் தாளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஸ்மித் ஒவ்வொரு காட்சியையும் தனித்தாளில் வரைந்து, வரிசையாகச் சுவரில் குத்திவைத்தார். ஸ்டோரிபோர்டு பிறந்தது இப்படித்தான் என்று வால்ட் டிஸ்னியே அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தார்.

குத்திய தாளைப் பிடுங்கலாம், முன்னும் பின்னும் மாற்றலாம், தூக்கி எறியலாம். கதை சுவரில் ஏறியதும், அது எழுதியவரின் சொத்தாக இல்லாமல் அறையில் இருந்த எல்லோருடைய வேலையாக ஆனது. 1933இல் வந்த ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ முழுக்க இந்த முறையில் உருவான முதல் படங்களில் ஒன்று. சில ஆண்டுகளில் நடிகர்கள் நடிக்கும் படங்களுக்கும் பலகை போய்ச் சேர்ந்தது. 1939இன் ‘கான் வித் த விண்ட்’ படத்தின் காட்சிகளை வில்லியம் கேமரன் மென்சீஸ் முன்கூட்டியே வரைந்து வடிவமைத்தார்.

கல்கத்தாவில் இதே பொருள் ஒரு நோட்டுக்குள் அடங்கியது. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய், ‘பதேர் பாஞ்சாலி’க்கு முழுமையான திரைக்கதைப் பிரதி வைத்திருக்கவில்லை. குறிப்புகளும், மையால் வரைந்த காட்சிப் படங்களும்தான் கையில். அந்த நோட்டைக் காட்டித்தான் தயாரிப்பாளர்களிடம் கதை சொன்னார். 1952இல் படப்பிடிப்பு தொடங்கியபோது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு இருபதுகளின் தொடக்க வயதுதான். சினிமா கேமராவை அதற்குமுன் இயக்கியதில்லை. ராய்க்கும் அதுதான் முதல் படம். வேலை தெரிந்தவர்களுக்கு வாய்ச்சொல் போதும். புதியவர்கள் சேரும் இடத்தில் வரைந்து காட்டினால்தான் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள். பின்னர் பாரிஸின் சினிமாதெக் பிரான்சேஸுக்கு ராய் கொடுத்த அந்த நோட்டு, 2016இல் புத்தகமாக அச்சில் வந்தது.

இன்று ஸ்டோரிபோர்டு மாணவர்களிடமும் புழங்குகிறது. நாலைந்து பேர் சேர்ந்து மூன்று நிமிடப் படம் எடுக்கிறார்கள் என்று வைப்போம். ஷாட்டுக்குச் சராசரியாக ஐந்து விநாடி என்றால் 36 கட்டங்கள். ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். குச்சி மனிதன் போதும். கட்டத்துக்குக் கீழே ஷாட் எண், க்ளோஸ்-அப்பா லாங் ஷாட்டா, வசனம், ஒலி, எத்தனை விநாடி. ஆள் நகர்ந்தால் கட்டத்துக்குள் ஓர் அம்புக்குறி. கேமரா நகர்ந்தால் வெளியே ஓர் அம்புக்குறி.

வேடிக்கை, தாள்களைச் சேர்த்து ஒட்டும்போதுதான் தொடங்கும். ஒருத்தி வரைந்த ஏழாம் ஷாட்டில் கதாநாயகி பள்ளிக்குக் கிளம்பி இடமிருந்து வலமாகப் போகிறாள். இன்னொருவன் வரைந்த எட்டாம் ஷாட்டில் அவள் வலமிருந்து இடமாக வருகிறாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. அடுத்தடுத்து வைத்தால், அவள் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். எடிட்டிங் மேஜையில் இது தெரிந்தால் மறுபடி எல்லோரையும் கூட்டி, அதே உடையும் அதே வெயிலும் தேட வேண்டும். சுவரில் தெரிந்தால் செலவு ஒரு தாள்.

பிறகு ஒருவர் வசனத்தைப் படிக்க, இன்னொருவர் செல்பேசியில் நேரம் பார்க்க வேண்டும். மூன்று நிமிடம் என்று நினைத்தது நாலரை நிமிடம் ஓடும். எதை வெட்டுவது என்ற சண்டை அங்கேயே நடக்கட்டும். கடைசியாக, ஒரே இடத்தில் எடுக்க வேண்டிய ஷாட்களைத் திரட்டினால் படப்பிடிப்புப் பட்டியல் தயார்.

குழுவில் நன்றாக வரைபவர் யாருமில்லையே என்று தயங்க வேண்டாம். அழகாக வரைந்த படத்தைக் கழற்றி எறிய யாருக்கும் மனம் வராது. அவசரக் கிறுக்கலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கதைக்கு அதுதான் நல்லது.