கோதாவரிப் படுகையில் பெருமழையின் நீண்டகால மாற்றம்

கோதாவரிப் படுகை சுமார் 3,12,800 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நாசிக் அருகே திரியம்பகத்தில் தோன்றும் ஆற்றின் மேற்பகுதி மழைமறைவுப் பகுதி. பிராணஹிதா, இந்திராவதி, சபரி ஆகிய துணையாறுகள் பாயும் கிழக்குப் பகுதியே மழைவளம் மிக்கது. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் பல இப்பகுதி வழியாக நாட்டின் உள்ளே நகர்கின்றன.

இப்படுகையின் பெரும்பகுதி அடங்கும் மத்திய இந்தியாவில், 1951 முதல் 2000 வரை பெருமழை நாட்கள் கூடின, மிதமான மழை குறைந்தது என 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பருவமழையின் மொத்த அளவை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் புலப்படாது. பரவலான அதிகனமழை நிகழ்வுகள் 1950–2015இல் ஏறத்தாழ மூன்று மடங்காயின என்று 2017இல் மற்றோர் ஆய்வு கண்டது. அரபிக்கடல் வெப்பமடைவதால் பருவக்காற்றில் திடீரெனப் பெருகும் ஈரப்பதமே காரணம் என விளக்கியது. வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும்.

கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலத்தில் வெள்ளமட்டம் 1986 ஆகஸ்டில் 75.6 அடியையும் 2022 ஜூலையில் 71.3 அடியையும் எட்டியது. ஆனால் வெள்ளமட்டத்தைக் கொண்டே மழைப்போக்கைக் கணிப்பது பிழை: அணைகளும் நிலப்பயன்பாடும் அதை மாற்றிவிடும். நீண்டகால மழைமானிப் பதிவுகளே நம்பத்தக்க அடிப்படை.