தரங்கம்பாடியின் தெருக்களும் வீடுகளும்

தரங்கம்பாடி என்றவுடன் டேனிஷ் கோட்டையும் சீகன்பால்கு ஐயரும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. பலரும் கோட்டையைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். நாம் இங்கு எழுத விழைவது, அக்கோட்டையின் அருகே மக்கள் குடியிருந்த தெருக்களைப் பற்றி.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனிஷ்காரர் இங்கே குடியேறினர். 1792-இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. சீயோன் ஆலயமும் (1701), புதிய எருசலேம் ஆலயமும் (1718) இவ்வீதியில்தான் உள்ளன. தடித்த செங்கற்சுவர், தூண் வரிசைத் தாழ்வாரம், உயர்ந்த மச்சு என ஐரோப்பியர் கட்டிய மாளிகைகள் இங்கே. மதிலுக்குள்ளேயே பொற்கொல்லர் தெருவுக்குத் திரும்பினாலோ திண்ணை, மரத்தூண், முற்றம், ஓட்டுக்கூரை! வழிப்போக்கனுக்கும் இடம் தரும் அத்திண்ணையே மாளிகைத் தூண்களைவிட நம் மனத்தைக் கவர்கிறது.

1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகள் மாவட்டத் தலைநகராய் விளங்கிய பெருமையும் 1860-இல் தஞ்சைக்குப் போயிற்று. மறு ஆண்டே நாகைக்கு இரயில் வந்தது. வாணிபமும் அங்கே சென்றது. இவ்வூருக்கு இரயில் வந்தது 1926-இல்தான். அதுவும் 1986-இல் நின்றுவிட்டது. இவ்வீழ்ச்சியே வீடுகளைக் காத்தது என்பது நம் கருத்து. செல்வம் பெருகிய ஊர்களில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டிவிட்டார்கள். இங்கே அதற்குப் பணம் ஏது?

ஆயினும் வறுமை காத்ததை உப்புக்காற்று அரித்தது. ஆள் புழங்காத வீடு விரைவில் விழுகிறது. ராஜ வீதியின் பழைய மாளிகையொன்று புனித தெரேசா கன்னியர் மடத்தாரின் கைக்கு வந்து கல்விப் பணிக்குப் பயன்பட்டதால் நிலைத்தது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைக் கொண்டு சென்றது. அதன்பின் இன்டாக் அமைப்பினர் பொற்கொல்லர் தெருவின் வீடுகள் சிலவற்றைப் பழைய முறையிலேயே செப்பனிட்டனர். பழைய செங்கல்லின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். சுண்ணாம்புக் காரையோ ஈரத்தை வெளியே விடும். நம் பங்கிலும் திண்ணையை இடித்துக் கடை வைக்க எண்ணுவோர், கொத்தனாரை அழைக்குமுன் அத்தெருவில் ஒருமுறை நடந்து வரலாம். திண்ணையில் உட்கார யாரும் தடை சொல்லமாட்டார்கள்.