அலுமினியச் சட்டங்களின் மேற்பரப்புக் குறைகள்

சூடான அலுமினியத்தை அச்சில் பிதுக்கி நீளச் சட்டங்களாக்கும்போதோ அதற்குப் பிறகோ அவற்றின் முகத்தில் விழும் கோடு, கீறல், கொப்புளம், கறை, குழி ஆகியவை மேற்பரப்புக் குறைகள். ராமேஸ்வரம் தீவிலும் பாம்பன், மண்டபம் கரையிலும் ஜன்னல் சட்டத்தில் எது தெரிந்தாலும் ‘உப்புக்காத்து’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. ஆலையிலேயே விழுந்த குறையும் இங்கே கடற்காற்றின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

கட்டடச் சட்டங்கள் பெரும்பாலும் 6063 என்ற கலவையில் செய்யப்படுபவை. அலுமினியத்தோடு சிறிதளவு மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்தது அது. பில்லட் எனப்படும் உருளையை 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எஃகு டையின் துளை வழியே பிரஸ் தள்ளுகிறது. முறுக்கு உரலில் மாவு இறங்குவது போலத்தான். வெளிவரும் சட்டத்தைக் குளிரவைத்து, இழுத்து நேராக்கி, அறுத்து, அடுப்பில் முதிரவைப்பார்கள். கடைசியில் அனோடைசிங் (மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்குவது) அல்லது பவுடர் கோட்டிங்.

காரணம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது குறையின் திசையையும் இடைவெளியையும். சட்டத்தின் நீளம் முழுக்க ஒரே இடத்தில் விடாமல் ஓடும் கோடு டையிலிருந்து வந்தது: டையின் வாயில் தேய்மானமோ, ஒட்டிக்கொண்ட அலுமினியமோ இருக்கும். விட்டுவிட்டு வரும் சிறு கீறலாக இருந்து, அதன் ஒரு முனையில் உலோகப் பொட்டு ஒட்டியிருந்தால் விஷயம் வேறு. விரலால் ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரக்கும். பில்லட் அளவுக்கு மேல் சூடாகியிருக்கலாம். வார்த்தபின் போதிய அளவு பதப்படுத்தப்படாமல் இரும்புச் சேர்மங்கள் ஊசி வடிவிலேயே தங்கியிருக்கலாம். ஓரங்களில் குறுக்காக விரிசல் விட்டிருந்தால், சூட்டுக்குப் பொருந்தாத வேகத்தில் பிரஸ்ஸை ஓட்டியிருக்கிறார்கள். கொப்புளம் பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்று அல்லது எண்ணெய்ப் பசையின் வேலை. குழாய் வடிவச் சட்டத்தில் அனோடைசிங்குக்குப் பிறகுதான் நிறமாறிய நெடுங்கோடு ஒன்று தெரிகிறதா? டைக்குள் பிரிந்த உலோகம் மறுபடி ஒட்டிய தையலாக அது இருக்கலாம். அனோடைசிங் தொட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடல் செய்யும் வேலைக்கு இப்படித் திசை கிடையாது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே படியும் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். உப்பின் குளோரைடு அதை அங்கங்கே துளைக்க, குழி விழுந்து வெள்ளைப் பொடி பூக்கிறது. மழை கழுவும் முகப்பைவிட, சன்ஷேடுக்கு அடியிலும் நகர்த்தும் ஜன்னலின் கீழ்த்தண்டவாளத்திலும்தான் சேதம் அதிகம். அங்கே படிந்த உப்பு அப்படியே நிற்கும். குழிகள் ஒரு திருகாணியைச் சுற்றி மட்டும் கூடியிருந்தால், ஆணி என்ன உலோகம் என்று பாருங்கள். ஈரமான உப்பில் இரும்போ துருப்பிடிக்காத எஃகோ அலுமினியத்தைத் தொட்டால், அரிக்கப்படுவது அலுமினியமே. சுவரோரம் மட்டும் சாம்பல் நிறத் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் கொத்தனார் துடைக்காமல் விட்ட சிமென்ட் கலவை. அதன் காரத்தன்மை அனோடைசிங் படலத்தையே கரைத்துவிடும்.

இந்தக் கரையின் அரிப்பு வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. அழகப்பச் செட்டியாரின் நிலக்கொடையில் உருவாகி 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் முகாமில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி அரிப்பை அளந்துவந்திருக்கிறது. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்ததும் அந்நிறுவனமே. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகுக்குத் துத்தநாகப் பூச்சும் அதன்மேல் பல அடுக்கு வர்ணமும் தேவைப்பட்டது இந்தக் காற்றுக்காகத்தான்.

கண்ணுக்குப் பிடிபடாத குறைகளை ஆய்வகம் அறுத்துப் பார்க்கிறது. துண்டை மெருகேற்றி, எரிசோடாக் கரைசலில் அரித்து, நுண்ணோக்கியில் வைத்தால் உலோகம் எப்படிப் பாய்ந்தது என்பது தெரியும். மின்னணு நுண்ணோக்கியோடு எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வும் இருந்தால், குழிக்குள் இருப்பது குளோரினா, இரும்பா, கால்சியமா என்று பிரித்துவிடலாம். ஆனால் குளோரின் கிடைத்த உடனே கடல்தான் என்று அறிக்கை எழுதுவது அவசரம். பழைய கீறலிலும் உப்பு போய்த் தங்கும். அனோடைசிங் படலம் சரியாக அடைக்கப்படாத இடத்தில்தான் அது முதலில் நுழையும். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தெளிக்கும் உப்புப்புகைச் சோதனை, பூச்சுகளை ஒப்பிட உதவும். ராமேஸ்வரத்தில் ஒரு சட்டம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அது சொல்லாது.

2016இல் கமுதியில் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குப் பிறகு, ராமநாதபுரம் மாவட்டத்தில் அலுமினியச் சட்டம் வீட்டு ஜன்னலோடு நிற்கும் பொருள் இல்லை. சூரிய மின்தகடுகளுக்கு விளிம்பு கட்டுவதும் பொதுவாக அனோடைசிங் செய்த அலுமினியமே.

கடற்கரையில் வீடு கட்டுபவர்கள் அனோடைசிங் தடிமனை மைக்ரான் கணக்கில் பில்லில் எழுதி வாங்க வேண்டும். கடலோரத்துக்கு 25 மைக்ரான் கேட்பது வழக்கம். பொருத்தியபோது அறுத்துத் தள்ளிய துண்டு ஒன்றையும் பெட்டிக்குள் பத்திரமாக எடுத்துவையுங்கள். நாளை குறை வந்தால், காற்றுப்படாத அந்தத் துண்டோடு ஒப்பிட்டுத்தான் தவறு ஆலையுடையதா கடலுடையதா என்று ஆய்வகம் உறுதியாகச் சொல்ல முடியும்.